அரை மில்லிமீட்டர் பலகை

போர்க்கப்பலின் மேல்தளத்துப் பலகை ஒன்று இருபது சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 1/350 அளவில் அதைச் சுருக்கினால் 0.57 மில்லிமீட்டர் வரும். இரண்டு பலகைகளுக்கு நடுவே நார் திணித்துத் தார் ஊற்றி அடைத்த இடுக்கு ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். அதையும் சுருக்கினால் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு, தலைமுடியைவிட மெல்லிசு. கணக்குப்படி பார்த்தால் மாடல் கப்பலின் தளத்தில் அந்த இடுக்கு கண்ணுக்குத் தெரியவே கூடாது.

ஆனால் பெட்டியைத் திறந்து பிளாஸ்டிக் தளத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு இடுக்கும் தெளிவான கோடாக வார்க்கப்பட்டிருக்கும். ஒரு கோடு 0.1 மில்லிமீட்டர் என்றால் நிஜக் கப்பலில் அது மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. வெறுங்காலோடு நடக்கும் மாலுமியின் கட்டைவிரல் அதில் மாட்டிக்கொள்ளும். அப்படியொரு தளத்தோடு எந்தக் கப்பலும் துறைமுகத்தைத் தாண்டியிருக்காது. சரி, கணக்குக்கு உண்மையாக இருப்போம் என்று கோடுகளை எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு ஒரே நிறத்தை அடித்தால் அது கப்பல் தளமாகத் தெரியாது. பிளாஸ்டிக் தட்டாகத்தான் தெரியும். கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் கருப்பை இறக்கி, பக்கத்துப் பக்கத்துப் பலகைகளுக்கு வேறுவேறு நிறம் கொடுத்தால்தான், பார்க்கிறவர் குனிந்து "மரமா?" என்று கேட்பார்.

உண்மையாகச் செய்தால் பொய்யாகத் தெரிகிறது. பொய்யைச் சேர்த்தால் உண்மையாகத் தெரிகிறது. இது எந்த வகைப் பொய்? இதற்கு நான் வெட்கப்பட வேண்டுமா, வேண்டாமா? பழங்காநத்தத்தில் மாடி அறையில் ஒரு டேபிள் ஃபேனையும் ஒரு சின்ன கம்ப்ரஸரையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்காக இந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். பகலில் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரி கப்பல். அம்மாவின் கேள்வி வேறு: "இதத் தண்ணியில விட்டா மெதக்குமா, மெதக்காதா?" மிதக்காது. அதோடு அவருக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் போய்விட்டது.

நான் செய்துகொண்டிருப்பது 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்'. டமியா நிறுவனத்தின் 1/350 கிட். பிரிட்டிஷ் கடற்படையின் இந்தப் போர்க்கப்பல் நிஜத்தில் சுமார் 227 மீட்டர் நீளம். என் மேஜையில் 65 சென்டிமீட்டர். ஏன் இந்தக் கப்பல் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மரம்.

மரத்துக்கு என்ன நிறம்? யாரைக் கேட்டாலும் பழுப்பு என்பார்கள். நம் மனதில் இருப்பது வார்னிஷ் அடித்த நிலைக்கதவு. வெயிலிலும் மழையிலும் கிடக்கிற மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பழுப்பே கிடையாது. தோப்பு ஓரத்தில் வருஷக்கணக்காக நிற்கும் பழைய மாட்டு வண்டியின் பலகையைப் பாருங்கள். வெள்ளியும் சாம்பலும் கலந்த ஒரு நிறம், தேக்கும் வெயிலில் கிடந்தால் அப்படித்தான் ஆகும். கப்பல் தளத்தில் இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. அதைத் தினமும் தேய்ப்பார்கள். மணற்கல் துண்டை எடுத்துக்கொண்டு, தண்ணீரும் மணலும் போட்டு, மாலுமிகள் வரிசையாக மண்டியிட்டுத் தேய்ப்பது பிரிட்டிஷ், அமெரிக்கக் கடற்படைகளில் பழைய வழக்கம். அந்தக் கல்லுக்கு 'ஹோலிஸ்டோன்', அதாவது புனிதக்கல் என்று பெயர். பெரிய கல்லை 'பைபிள்' என்றும் சின்னக் கல்லை 'பிரார்த்தனைப் புத்தகம்' என்றும் மாலுமிகள் கிண்டலாகச் சொல்வார்கள். முழங்கால் போட்டுச் செய்கிற வேலை அல்லவா! அப்படித் தேய்த்துத் தேய்த்துத் தளம் வெளுத்துப்போகும். நன்றாகப் பராமரிக்கப்பட்ட தளம் எலும்பு நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதே தளம் மழையில் நனைந்தால் அரை மணி நேரத்தில் கருத்துவிடும்.

ஆக, மரத்தின் நிறம் என்பது மரத்தின் குணம் மட்டும் கிடையாது. வெயில், உப்பு, போன வாரம் யார் எவ்வளவு தேய்த்தார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த நிறம். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தானாக வண்ணம் ஏற்றும் மென்பொருளில் பழைய கப்பல் படத்தைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இதமான ஒரு பழுப்பைப் பூசித் தரும். லட்சக்கணக்கான படங்களின் சராசரி மரம் அது. எங்கள் தொழில் செய்கிற பல காரியங்களைப் போலவே, யாரும் எங்கும் பார்த்திராத ஒன்றை எல்லாருக்கும் பழக்கமான ஒன்றாகக் காட்டுகிற வேலை.

எங்கள் வீட்டு அலமாரி வேலைக்கு வந்த ஆசாரி அண்ணன் ஒருநாள் மதியச் சாப்பாடு முடிந்து மாடிக்கு வந்தார். பாதி பெயின்ட் அடித்த தளம் மேஜையில் கிடந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார்.

"என்ன மரம் தம்பி?"

"பிளாஸ்டிக்குண்ணே."

திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். சாம்பல் நிறப் பிளாஸ்டிக். சிரித்துவிட்டு மறுபடி மேல்பக்கத்தைத் திருப்பினார். அதற்கப்புறம்தான் நிஜமாகப் பார்க்க ஆரம்பித்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், சாய்த்து, வெளிச்சத்தில் வைத்து.

"நல்லாத்தேன் இருக்கு. ஆனா ஒண்ணு. இந்தப் பலக மஞ்சளா இருக்கு, அடுத்தது செவப்பா இருக்கு, அதுக்கு அடுத்தது கருப்பா இருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒறவே இல்லையே. ஒரே மரத்துல அறுத்த பலகன்னா பங்காளிக மாதிரி இருக்கும்ப்பா. ஒரே மொகச்சாட. கிட்டப் போய்ப் பாத்தாத்தேன் வித்தியாசம் தெரியும்."

மாடல் கட்டுகிறவர்கள் நடுவே ஒரு பழக்கம் இருக்கிறது. தளத்தின் பலகைகளுக்கு நாலைந்து நிறங்களைத் தயார் செய்துகொண்டு, மெல்லிய டேப் ஒட்டி மறைத்து, ஒன்று விட்டு ஒன்றாக அடிப்பார்கள். புகைப்படத்தில் அருமையாக எடுக்கும். ஆனால் வித்தியாசம் கூடிப்போனால் சோழிப் பலகை மாதிரி ஆகிவிடும். ஆசாரி அண்ணன் சொன்ன பங்காளி அளவுகோல் எந்த வழிகாட்டியிலும் இல்லாத துல்லியம். வித்தியாசம் வேண்டும், ஆனால் மூன்றடி தள்ளி நின்றால் அது கரைந்துவிட வேண்டும். அதற்காகத்தான் கடைசியில் ஆயில் பெயின்ட்டில் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்த்து, தளம் முழுக்க ஒரு தடவை பூசி, பலகையின் நீளவாக்கில் மட்டும் துடைத்து எடுப்பது. குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு, எல்லாம் பாழ். பலகைகள் எல்லாம் ஒரு குடும்பத்துக்குள் வருவது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு அவரிடம் இன்னொன்றைக் காட்டினேன். நிஜ மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, லேசரில் வெட்டி, பின்னால் பசை தடவி விற்கிறார்கள். பிளாஸ்டிக் தளத்தின் மேல் ஒட்டிவிட்டால் முடிந்தது வேலை. மரத்துக்கு மரம்! அதைவிட உண்மை என்ன இருக்க முடியும்? அண்ணன் அதைத் தடவிப் பார்த்தார். "இது மரந்தேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா இந்த ரேகை இம்புட்டுப் பெருசா இருக்கே. இந்தச் சின்னப் பலகைக்கு இது எப்பிடிச் சேரும்?"

சேராதுதான். அந்தத் தாளில் இருக்கும் ஒரு ரேகை கால் மில்லிமீட்டர் அகலம் என்றால், 1/350 கணக்கில் நிஜக் கப்பலில் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர். பலகையில் பாதியை ஒரே ரேகை அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மரம் பூமியில் கிடையாது. மரத்தைச் சீவலாம், சுருக்க முடியாது. அதன் செல்லும் துளையும் முழு அளவிலேயே நிற்கும். ஆகவே நிஜ மரம் பெரிதாக்கப்பட்ட ராட்சத மரம் போலவும், பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் மரம் போலவும் தெரிகிறது. எனக்கு இது வெறும் தொழில்நுட்ப வேடிக்கையாகப் படவில்லை. அசலின் ஒரு துண்டை அப்படியே கொண்டுவந்து வைப்பதால் அசலுக்கு நியாயம் செய்ததாக ஆகிவிடாது என்பதற்கு இதைவிடக் கையில் பிடிக்கக்கூடிய உதாரணம் எனக்குத் தெரியாது. ஒருவருடைய டைரியிலிருந்து நாலு வரியை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்லிவிட்டதாக நினைக்கிறவர்களை எனக்கு ஞாபகம் வரும்.

பிளேட்டோ 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் மூன்று கட்டில்களைப் பற்றிப் பேசுகிறார். கடவுள் படைத்த கட்டில் என்ற கருத்து, தச்சன் செய்த கட்டில், ஓவியன் வரைந்த கட்டில். ஓவியன் உண்மையிலிருந்து மூன்றாம் இடத்தில் நிற்கிறான். அவனுக்குத் தோற்றம் மட்டும்தான் தெரியும், கட்டிலைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது குற்றச்சாட்டு. நல்ல குற்றச்சாட்டுதான். ஆனால் பிளேட்டோ எந்தக் கட்டிலையும் வரைந்து பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தளத்துக்கு நிறம் தீட்ட உட்கார்ந்த பிறகுதான் பலகைகளின் முனைகள் பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஒரே நேரில் ஏன் சந்திக்கக் கூடாது என்பது எனக்குப் புரிந்தது. செங்கல் கட்டும்போது மூட்டை மாற்றி மாற்றி வைப்பது போலத்தான். நம் கடற்கரையில் தோணி கட்டுகிறவர்கள் இடுக்கில் பஞ்சைத் திணித்து அடைப்பதற்குக் 'கலப்பத்து' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் என்பதும், பலகை நனைந்து ஊதும்போது அந்த அடைப்பு இன்னும் இறுகும் என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. தோற்றத்தை ஒழுங்காகப் போலி செய்ய வேண்டுமென்றால் தோற்றத்துக்குப் பின்னால் போயே ஆக வேண்டும். காரணம் தெரியாத கோட்டைக் கை தப்பான இடத்தில்தான் போடும்.

நம் ஊரில் இது புதிய வேலையும் கிடையாது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் கல்லில் செய்த கூரைக் குடிசை. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச் சட்டமும் அதில் அறைந்த ஆணியும்கூடக் கல்லில் இருக்கின்றன. இனி இப்படிச் செய்ய எங்களால் ஆகாது என்று பிற்காலத்துச் சிற்பிகள் ஒப்பந்தம் போடும்போதே ஆவுடையார்கோயில் கொடுங்கையை விலக்கிவைப்பார்கள் என்று சொல்வதுண்டு. கல்லுக்கு ஆணி எதற்கு? ஒன்றுக்கும் வேண்டாம். மரத்தில் கட்டிய ஒரு காலத்தின் ஞாபகத்தைக் கல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் எங்கள் தெருவில் நடந்தால் இரும்பு கேட்டுக்கு மர ரேகை பெயின்ட் அடித்த வீடுகள் நாலைந்தாவது வரும். பிவிசி கதவுக்குத் தேக்கு நிறம். 2010இல் வந்த ஐபேடின் புத்தகச் செயலியில் புத்தகங்கள் மர அலமாரியில் அடுக்கியிருக்கும், ரேகையும் நிழலும் சகிதம். 2013க்கு அப்புறம் ஆப்பிள் அந்தப் பாணியையே கைவிட்டது. அப்போது எங்கள் துறையில் அதை நேர்மையின் வெற்றி மாதிரிப் பேசினார்கள். திரை திரையாக இருக்க வேண்டுமாம். எனக்கு அந்த வாதம் அப்போதும் ஒட்டவில்லை. அந்த அலமாரியைத் தட்டிப் பார்த்து ஏமாந்த ஒரு ஆளைக்கூட நான் சந்தித்ததில்லை.

ஏமாறுவது என்றால் என்ன என்று யோசிக்க எனக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டல் என்று ஒரு இடம் இருக்கிறது. கோவலனை வெட்டிய இடம் அதுதான் என்று ஊர் சொல்கிறது. தொல்லியல் துறை அங்கே தோண்டி முதுமக்கள் தாழிகளை எடுத்திருக்கிறது. கோவலன் கதை உண்மையோ இல்லையோ, அங்கே மனிதர்களைப் புதைத்தார்கள் என்பது நிச்சயம். சிலப்பதிகாரத்தில் அந்தக் கொலைக்குக் காரணம் ஒரு போலித் தோற்றம். இரண்டு சிலம்புகள் வெளியே ஒன்றுபோல இருந்தன. ஒன்றின் பரல் முத்து, மற்றதன் பரல் மாணிக்கம். உடைத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது தோற்றத்தை நம்பாதே என்பதுதான் பாடம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு சிலம்பையும் ஒன்றுபோலச் செய்த கைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. திறமையான கைகள், அவ்வளவே. பொற்கொல்லன் அந்த ஒற்றுமையைப் பயன்படுத்திக்கொண்டான், அது குற்றம். பாண்டியன் அதைக் கிட்ட வாங்கிப் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல் ஆளை அனுப்பினான், அது அதைவிடப் பெரிய குற்றம். அசலைப் போலவே ஒன்று இருப்பதில் தீங்கு இல்லை. 'போதும், இதற்குமேல் பார்க்க வேண்டாம்' என்று அது சொல்ல வைக்கப்படும்போதுதான் தீங்கு. இரும்புக் கேட்டின் மர ரேகைகூடப் பெரும்பாலும் இந்தப் பக்கம் சாய்ந்ததுதான், தூரத்தில் போகிறவர் பார்த்துவிட்டுப் போனால் சரி என்று அடித்தது. ஆசாரி அண்ணன் தளத்தைத் திருப்பி அடிப்பக்கப் பிளாஸ்டிக்கைப் பார்த்த பிறகுதான் நிஜமாகப் பார்க்க ஆரம்பித்தார் என்று சொன்னேன் அல்லவா. மரம் என்று நம்பியபோது அவருக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை. மரம் கிடையாது என்று தெரிந்ததும்தான் ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

இதோடு முடித்துக்கொண்டால் எனக்கு வசதி. கோடும் கறுப்பும் ஏமாற்று கிடையாது, பார்க்க அழைக்கிற ஒரு உபாயம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூரிகையைக் கழுவலாம். ஆனால் கப்பல் எந்தக் கப்பல் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

1941 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. நியூஃபவுண்ட்லாந்தின் பிளாசென்ஷியா விரிகுடாவில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' நங்கூரமிட்டு நிற்கிறது. அதன் பின்தளத்தில், பெரிய பீரங்கிகளின் கீழே, சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வழிபாட்டில் கலந்துகொண்டார்கள். இரண்டு நாட்டு மாலுமிகளும் சுற்றிலும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அந்தப் புகைப்படங்கள் பிரசித்தம். நான் தளத்துக்காகப் பார்ப்பதும் அவற்றைத்தான். நாலு நாள் கழித்து அட்லாண்டிக் சாசனம் வெளிவந்தது. எல்லா மக்களுக்கும் தங்கள் அரசு எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்றது. செப்டம்பர் 9ஆம் தேதி சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அதில் பேசப்பட்டது முதன்மையாக நாஜிகளின் பிடியில் இருக்கும் ஐரோப்பிய நாடுகளைப் பற்றி, இந்தியா, பர்மா விஷயம் தனி என்று விளக்கிவிட்டார். தேய்த்து வெளுத்த சுத்தமான தளத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டுப் போன பிறகு!

அதே கப்பல் டிசம்பர் தொடக்கத்தில் சிங்கப்பூர் வந்தது. டிசம்பர் 10ஆம் தேதி 'ரிபல்ஸ்' என்ற கப்பலோடு சேர்த்து மலாயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இதை மூழ்கடித்தன. இரண்டு கப்பல்களிலுமாக 840 பேர் இறந்தார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதற்கப்புறம் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் காட்டிலேயே செத்தார்கள். இந்தக் கப்பல் மிதந்திருந்தால் அதெல்லாம் நடந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சரித்திரத்தை டாய் பாக்ஸ் ஆக்குவது. அந்தக் கடலும் அந்தக் காலமும் நமக்கு அந்நியம் கிடையாது என்று மட்டும் சொல்கிறேன். அந்த யுத்த காலத்தை மேடானிலும் பினாங்கிலும் வைத்து 'புயலிலே ஒரு தோணி' எழுதிய ப. சிங்காரம், ஊர் திரும்பி மதுரையில்தான் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தனியாக வாழ்ந்து, 1997இல் மறைந்தார்.

இப்போது கப்பல் கடலடியில் ஏறக்குறைய தலைகீழாகக் கிடக்கிறது. நான் பலகை பலகையாக நிறம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தத் தளம் அங்கே மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது. 2002இல் அதன் மணியை மட்டும் எடுத்து லிவர்பூல் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மிச்சத்தில் பழைய இரும்புக்காகத் திருட்டுத்தனமாக உடைத்து அள்ளியதும் நடந்திருக்கிறது.

அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில் ஒன்றைச் சொல்கிறார். நேரில் பார்க்கச் சகிக்காதவற்றை, பிணங்களைக்கூட, அச்சு அசலாக வரைந்த படத்தில் நாம் ரசிக்கிறோம். காரணம், அடையாளம் கண்டுகொள்வதில் இருக்கும் இன்பம். பிளேட்டோவுக்கு அவர் சொன்ன பதில் இது, எனக்கும் பல வருஷம் இதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் மாடல் கப்பல் மேஜையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பிணம் எங்கே? நாங்கள் துருவைத் தீட்டுகிறோம். நங்கூரச் சங்கிலி உரசிய இடத்தில் மரம் தேய்ந்ததைத் தீட்டுகிறோம். எண்ணெய் சிந்திய கறை, உப்பு காய்ந்த வெள்ளை, நிறைய பேர் நடந்து நடந்து வெளுத்த தடம் எல்லாம் வரும். 'ரியலிஸ்டிக்' என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறோம். அந்தத் தடத்தில் நடந்த ஆயிரத்து ஐநூறு சொச்சம் பேரில் ஒருவர்கூடத் தளத்தில் கிடையாது. மனிதன் 1/350 அளவில் சுமார் அஞ்சு மில்லிமீட்டர் உயரம். அதைச் செய்து விற்கிறார்கள். ஆனால் பலரும் வைப்பதில்லை. வைத்தால் தளத்தின் அழகு கெடுகிறது, கண் பலகையை விட்டு ஆளிடம் போய்விடுகிறது என்பார்கள். நேரான வாதம். எனக்கும் அது பிடித்திருந்தது.

பழைய கேள்விக்கு அண்ணன் கையில் தளத்தைத் திருப்பிப் பார்த்ததில் பதில் கிடைத்தது. இந்தக் கேள்விக்கு அந்தப் பதில் போதவில்லை. இடுக்கை மிகைப்படுத்துவது பார்க்க வைப்பதற்கான பொய். ஆளை எடுத்துவிடுவது பார்க்காமல் இருப்பதற்கான வசதி. இரண்டையும் 'ஸ்கேல் எஃபெக்ட்' என்ற ஒரே பையில் போட முடியாது. அரை மீட்டர் தள்ளி நின்று இந்த மாடலைப் பார்ப்பது நிஜக் கப்பலை 175 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரத்திலிருந்து பலகை இடுக்கு தெரியாது, நான் பெரிதாக்கிக் காட்டுகிறேன். அத்தனை தூரத்திலிருந்து மனிதர்கள் நன்றாகவே தெரிவார்கள், அவர்களை நான் எடுத்துவிடுகிறேன்.

நண்பன் ஒருவன், அவனும் எங்கள் துறைதான், இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ரத்தம் பெயின்ட் பண்ணுவியாடா?" என்றான். மாட்டேன். மேஜை அலங்காரத்துக்கு அடுத்தவன் ரத்தம் சிவப்புப் பொட்டாக வருவதைவிட மோசமானது எதுவும் இருக்க முடியாது. சாவைக் காட்டினால்தான் நேர்மை என்பது சோம்பேறித்தனமான நேர்மை, இணையத்தில் தினமும் பார்க்கிறோம். எனக்குத் தோன்றுவது வேறு. நான் மூன்று மாதமாகக் கலந்துகொண்டிருக்கும் இந்த எலும்பு நிறம் மரத்திலிருந்து வந்ததல்ல என்று மேலே எழுதினேன். விடிகாலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் மண்டியிட்டுத் தேய்த்த நிறம் அது. சர்ச்சிலின் நாற்காலிக்கு அடியில் இருந்த வெளுப்பும் அதுதான். அந்த நிறத்தைத் துல்லியமாகக் கொண்டுவந்துவிட்டு அதைக் கொண்டுவந்த ஆளை விட்டுவிட்டால் நான் செய்தது பிளேட்டோ சொன்ன ஓவியன் வேலை. கட்டிலைப் பற்றித் தெரிந்தவனாக இருந்தும் செய்தது, அதுதான் உறுத்துகிறது.

தேதியை முடிவு செய்துவிட்டேன். ஆகஸ்ட் 10, ஆனால் வழிபாட்டு நேரம் வேண்டாம். அதற்கு முந்திய காலை. நாற்காலிகள் போடுவதற்கு முன். தளத்தில் பின்பக்கப் பாதியை மட்டும் நனைந்த மரமாகத் தீட்டுகிறேன். ஒரு தடவை கூடுதலாக அம்பர், மேலே மெல்லிய பளபளப்பு வார்னிஷ். முன்பாதி காய்ந்த வெளுப்பு. நடுவே எல்லை நேர்கோடாக இருக்கக் கூடாது, தண்ணீர் போன போக்கில் இருக்க வேண்டும். இது எந்தப் புகைப்படத்திலும் கிடையாது. இப்படித்தான் இருந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஏதோ ஒரு காலையில் இப்படி இருந்திருக்கும்.

ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு சின்ன அட்டையில் நாற்பது பேர், பிசினில் வார்த்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விறைப்பாக நிற்கிறவர்கள், சல்யூட் அடிக்கிறவர்கள், பைனாகுலரைத் தூக்கிப் பிடித்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடியை இறக்குகிற ஒருவன்கூட உண்டு. மண்டியிட்டவன் ஒருத்தனும் இல்லை. நிற்கிறவன் காலை முழங்காலுக்குக் கீழே பிளேடால் வெட்டி, பின்பக்கமாக மடக்கி ஒட்ட வேண்டும். முழங்காலுக்குக் கீழே இருப்பது ஒன்றேகால் மில்லிமீட்டர். இதுவரை நாலு பேரை முடித்திருக்கிறேன்.